வீட்டில் பீர் காய்ச்ச 12 வோல்ட் பம்ப்: வாங்குவது முதல் கழுவி வைப்பது வரை

இங்கிலாந்தில் என் வீட்டு கராஜில் பீர் காய்ச்சுகிறேன். ஒரு தடவைக்கு 23 லிட்டர், இங்கத்திய கணக்கில் 40 பைண்ட். முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாத் தண்ணீரையும் கையால்தான் தூக்கினேன். 77 டிகிரி சூட்டில் 18 லிட்டர் தண்ணீரை ஸ்டூல் மேல் ஏற்றும்போது ஒரு நாள் பிடி நழுவி, பாதி கால் மீது கொட்டியது. புண் ஆறியதும் முதல் வேலையாகப் பம்ப் தேடினேன்.

பம்ப் வாங்கியதோடு பிரச்சினை தீரவில்லை. முதல் பம்ப் சூடு தாங்காமல் நெளிந்தது. இரண்டாவது, தண்ணீர் இல்லாமல் ஓடித் தேய்ந்துபோனது. மூன்றாவது நல்ல பம்ப். ஆனால் தண்ணீரைத் தள்ளவே இல்லை என்று ஒரு மாதம் மூலையில் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் காற்று அடைத்திருந்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் யாராவது முன்பே தமிழில் எழுதியிருந்தால் எனக்கு 50 பவுண்டும் நான்கு மாதமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), மாஷ் (அதை வெந்நீரில் ஊறவைப்பது), ஸ்பார்ஜ் (ஊறிய தானியத்தில் மிஞ்சிய சர்க்கரையைச் சூடான தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுப்பது), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) எல்லாம் உங்களுக்கு ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். மால்ட்டிலிருந்து இறங்கும் இனிப்புச் சாற்றை எல்லோரும் சொல்வது போல வோர்ட் என்றே எழுதுகிறேன்.

1. சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க உரிமமும் வேண்டாம், வரியும் இல்லை. ஒரு பாட்டிலைக்கூட விற்கக் கூடாது. விற்பதென்றால் பதிவு, வரி எல்லாம் வந்துவிடும். வடித்தெடுக்கும் சாராயம் முற்றிலும் வேறு விஷயம். உரிமம் இல்லாமல் வடித்தால் குற்றம்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: 1937 மதுவிலக்குச் சட்டப்படி அங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் எந்த மதுவும் தயாரிக்க முடியாது. இந்தக் கட்டுரை அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கானது.

2. பம்புக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறீர்கள்?

வாங்குவதற்கு முன் இதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் பட்டியலில் இருந்தவை நான்கு. ஸ்பார்ஜ் தண்ணீரை மேலே ஏற்றுவது, மாஷ் பாத்திரத்தின் அடியிலிருந்து வோர்ட்டை எடுத்து மேலே திரும்ப ஊற்றிச் சுழற்றுவது, வடிந்த வோர்ட்டைக் கொதிகலனுக்கு மாற்றுவது, கொதித்து முடிந்ததைக் குளிர்விப்பானுக்குள் தள்ளுவது. நான்குக்குமே சிறிய 12 வோல்ட் பம்ப் தாராளமாகப் போதும்.

நொதித்து முடிந்த பீரை மட்டும் இந்தப் பம்பால் மாற்றாதீர்கள். நொதித்த பிறகு பீருக்குப் பெரிய எதிரி ஆக்சிஜன். குழாய் இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தாலும் பம்ப் அதன் வழியாகக் காற்றை இழுத்துக் கலந்துவிடும். பீரில் கரைந்திருக்கும் வாயுவும் பம்பின் தலைக்குள், அதாவது திரவம் சுழலும் அறைக்குள், பிரிந்து அடைத்துக்கொள்ளும். அதற்குச் சைபன் குழாயே நல்லது. பாத்திரத்தை மேஜை மேல் வைத்தால் புவியீர்ப்பு செலவில்லாமல் வேலையை முடித்துவிடும்.

3. வகையைத் தேர்ந்தெடுங்கள்

கடைகளில் 12 வோல்ட் என்று மூன்று வகைப் பம்புகள் கிடைக்கும். விலை ஏறக்குறைய ஒன்றுதான், வேலை வேறு.

காந்த இணைப்புள்ள மையவிலக்குப் பம்ப்தான் நமக்கு வேண்டியது. இதில் மோட்டாரின் தண்டு திரவத்துக்குள் நுழைவதே இல்லை. பிளாஸ்டிக் சுவரின் அந்தப் பக்கம் மின்சுருள், இந்தப் பக்கம் இம்பெல்லரோடு (திரவத்தை வீசித் தள்ளும் சுழல் சக்கரம்) சேர்ந்த காந்தம். தண்டுக்கு ஓட்டையே இல்லாததால் சீல் தேய்ந்து ஒழுகும் பேச்சு கிடையாது. வெளிப்பக்க வால்வைக் கொஞ்ச நேரம் மூடினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் இதற்கு இரண்டு குணங்கள் உண்டு. தானாகத் தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீர் இல்லாமல் ஓடவும் கூடாது, ஏனென்றால் உள்ளே சுழலும் பாகத்துக்கு அந்தத் திரவம்தான் எண்ணெய். இந்த இரண்டையும் புரிந்துகொண்டவர் கையில் பம்ப் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

அடுத்தது டயஃப்ரம் பம்ப், கேரவன்களில் குடிதண்ணீருக்கு வைப்பது. தானே உறிஞ்சும் என்பதால் ஆசை வரும். ஆனால் பெரும்பாலானவை மாஷ் சூட்டுக்கே செய்யப்பட்டவை அல்ல. உள்ளே இருக்கும் சின்ன வால்வுகளில் மால்ட் துகள் ஒன்று சிக்கினால் நின்றுவிடும். விட்டு விட்டுத் துடித்துத் தள்ளும், சத்தமும் அதிகம்.

மூன்றாவது, குழாயை உருளைகளால் நசுக்கித் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப். திரவம் குழாயை மட்டுமே தொடும், அதனால் சுத்தம். மெதுவாக ஸ்பார்ஜ் செய்ய அருமையாக இருக்கும். இந்த விலையில் கிடைப்பவை மிக மெதுவானவை என்பதால், இதை ஒரே பம்பாக வைத்துச் சமாளிக்க முடியாது.

மையவிலக்குப் பம்பிலும் பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். பிரஷ் உள்ளது கார்பன் தேய்ந்து சீக்கிரம் போய்விடும்.

தோட்டத்து நீரூற்றுக்கும் மீன் தொட்டிக்கும் விற்கும் பம்புகள் பார்க்க இதே மாதிரி இருக்கும், விலை பாதி. அவை 40, 50 டிகிரிக்கு மேல் தாங்காது. என் முதல் பம்ப் அதுதான். 66 டிகிரி மாஷில் அரை மணி நேரத்தில் மூடி நெளிந்து, வோர்ட் தரையில் ஓடியது.

4. பெட்டி மேல் உள்ள எண்களும், கேட்க வேண்டிய தாள்களும்

என் பம்பின் பெட்டியில் "நிமிடத்துக்கு 8 லிட்டர், உயரம் 3 மீட்டர்" என்று இருந்தது. 3 மீட்டர் உயரத்துக்கு 8 லிட்டர் தள்ளும் என்று நான் படித்துக்கொண்டேன். அப்படி இல்லை. 8 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது வருவது. 3 மீட்டர் என்பது ஓட்டம் முழுக்க நின்றுபோகும் உயரம். நடுவில் என்ன கிடைக்கும் என்பதை ஒரு வளைகோட்டு வரைபடம் சொல்லும். அந்த வரைபடம் தராத கடையில் நான் இப்போது வாங்குவதில்லை.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதிலும் குழப்பம் வரும். பம்பிலிருந்து அளக்கக் கூடாது. எடுக்கும் பாத்திரத்தில் திரவத்தின் மேல்மட்டத்திலிருந்து, ஊற்றும் குழாயின் வாய் வரை அளக்க வேண்டும். பம்ப் தரையில் இருந்தாலும், பாத்திரம் 80 சென்டிமீட்டர் மேஜை மேல் இருந்து, ஊற்றும் இடம் 120 சென்டிமீட்டரில் இருந்தால், பம்ப் ஏற்றும் உயரம் பாத்திரம் நிறைந்திருக்கும்போது மிகக் குறைவு. இது தெரிந்த பிறகு பலருக்குப் பெரிய பம்பே தேவைப்படாது.

விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை:

- ஓட்டம், உயரம் காட்டும் வரைபடம் உள்ள தொழில்நுட்பத் தாள்.
- திரவத்தின் உச்ச வெப்பம். "மோட்டார் வெப்பம்", "சுற்றுப்புற வெப்பம்" என்று போட்டிருந்தால் அது வேறு. கொதித்த வோர்ட்டைத் தள்ளுவதென்றால் 100 டிகிரி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.
- திரவத்தைத் தொடும் ஒவ்வொரு பாகமும் என்ன பொருள் என்ற பட்டியல். தலைப்பகுதி பிபிஎஸ், பாலிசல்ஃபோன் (இரண்டும் சூடு தாங்கும் பிளாஸ்டிக்) அல்லது 304 ஸ்டெயின்லெஸ் என்றால் சரி. இம்பெல்லர், ஓ-ரிங் (ஒழுகாமல் அடைக்கும் வளையம்) இரண்டையும் தனியாகக் கேளுங்கள், அங்கேதான் மறைப்பார்கள்.
- உணவோடு தொடர்பு கொள்ளத் தகுந்தது என்ற அறிவிப்பு. ஒயின் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட சின்னம் பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது, தாளாகவும் கேளுங்கள்.

"ஃபுட் கிரேடு" என்று விளம்பரத்தில் ஒரு வரி போட்டுவிட்டு, தாள் கேட்டால் பதிலே வராத கடைகள் நிறைய. இரண்டு நாளில் தாள் வரவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எங்கே வாங்குவது என்பதில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சீனாவிலிருந்து நேரே வரவழைத்தால் 15 பவுண்டுக்குக் கிடைக்கும், வந்து சேர எனக்கு நான்கு வாரம் ஆனது. 135 பவுண்டுக்கு உட்பட்ட பார்சலுக்கு வாட் வரி விற்கும்போதே சேர்ந்துவிடும். அதைத் தாண்டினால் இறக்குமதியின்போது வரி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் இரண்டும் சேரும். நான்கைந்து பேர் சேர்ந்து மொத்தமாக ஆர்டர் போடும்போது இதைக் கணக்கில் வையுங்கள். உள்ளூர் கடையில் 25 பவுண்டுக்கு மேல் ஆகும், ஆனால் கோளாறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் வழி தருகிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பம்ப் வந்த அன்றே சோதித்துவிடுங்கள். அடுத்த மாதம் காய்ச்சும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தால் அந்த 30 நாள் போய்விடும். எனக்குப் போயிற்று.

5. மின்சாரம்

ஈரத் தரை, ஈரக் கை, சூடான இனிப்புத் தண்ணீர். இந்த இடத்தில் 12 வோல்ட் பெரிய ஆறுதல். தெரியாமல் கம்பியைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அடாப்டரின் ஒரு பக்கம் 230 வோல்ட் என்பதை மறக்காதீர்கள். அதைச் சுவரில், பாத்திரங்களைவிட உயரமாக, குழாய் ஒழுகினாலும் நனையாத இடத்தில் மாட்டுங்கள். கராஜின் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பம்புக்காக இல்லாவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் 3 கிலோவாட் ஹீட்டருக்கு அது கட்டாயம் வேண்டும்.

அடாப்டரை மட்டும் வெளிநாட்டிலிருந்து வாங்காதீர்கள். பம்பை எங்கிருந்து வேண்டுமானாலும் வரவழைக்கலாம், வீட்டு மின்சாரத்தில் செருகும் பொருளை உள்ளூரில் பெயருள்ள கடையில் வாங்குங்கள். என் பம்புக்கு 1.5 ஆம்பியர் வேண்டும், அதாவது 18 வாட். கிளம்பும்போது இதைவிட அதிகம் இழுக்கும். 1 ஆம்பியர் அடாப்டரில் மாட்டியபோது பம்ப் ஒரு நொடி துடித்து, நின்று, மறுபடி துடித்தது. பம்ப் பழுது என்று நினைத்தேன். 2.5 ஆம்பியர் அடாப்டர் போட்டதும் சரியாகிவிட்டது. எழுதியிருப்பதைவிடக் குறைந்தது பாதி அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடாப்டரின் உருளை முனையில் ஒரு தொல்லை உண்டு. வெளி விட்டம் இரண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர்தான், உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவில் வரும். 2.1 முனை, தடித்த ஊசி உள்ள சாக்கெட்டில் ஏறவே ஏறாது. 2.5 முனை மெல்லிய ஊசியில் ஏறிவிடும், ஆனால் தளர்வாக இருந்து பாதியில் விட்டு விட்டு நிற்கும். வாங்கும்போதே அளவைக் கேளுங்கள்.

முனையை வெட்டிக் கம்பியை நேரடியாக இணைத்தால் சிவப்பும் கறுப்பும் மாறக் கூடாது. பிரஷ் இல்லாத மோட்டாரில் உள்ளே மின்னணுப் பலகை இருக்கிறது, மாறினால் அது எரிந்துபோகலாம். வழியில் ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸும் ஒரு சுவிட்சும் வையுங்கள். கம்பி 0.75 சதுர மில்லிமீட்டர் போதும். 5 மீட்டர் தூரத்துக்கு அதில் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள்தான். காலிங் பெல்லுக்குப் போடும் 0.2 கம்பியைப் போட்டால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், பம்ப் சோர்ந்து ஓடும்.

எல்இடி விளக்கின் டிம்மரை வைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பிரஷ் இல்லாத பம்பில் அதைச் செய்யாதீர்கள். ஓட்டத்தைக் குறைக்க வால்வு இருக்கிறது.

6. குழாய், மரை, வால்வு

குழாய் சிலிக்கான்தான். உள் விட்டம் 13 மில்லிமீட்டர், சுவர் 3 மில்லிமீட்டர் தடிமன். மீட்டர் 5 பவுண்டு வரை ஆகும், 3 மீட்டர் போதும். தெளிவான பிவிசி குழாய் மலிவு, ஆனால் சூட்டில் நூடுல்ஸ் போலத் துவண்டு இணைப்பிலிருந்து கழன்றுவிடும். சிலிக்கானிலும் மெல்லிய சுவர் வேண்டாம். சூடேறியதும் பம்ப் இழுக்கும் இழுப்பில் உறிஞ்சு பக்கத்துக் குழாய் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும்.

மரை விஷயத்தில் நான் முழுதாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். பம்பில் அரை அங்குல பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் அளவு மரை இருந்தது. நான் வாங்கிய ஸ்டெயின்லெஸ் வால்வு அமெரிக்க என்பிடி. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரி. அதனால் கையால் அழகாக ஏறும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஒழுகும். ஒழுகுகிறதே என்று ஸ்பானரால் இறுக்கினால் பம்பின் பிளாஸ்டிக் மரை வெடிக்கும். பிரிட்டனில் எல்லாவற்றையும் பிஎஸ்பியிலேயே வாங்குங்கள். டேப் நான்கைந்து சுற்று, கையால் இறுக்கிவிட்டு ஸ்பானரால் கால் சுற்று, அவ்வளவு போதும்.

வால்வு பம்பின் வெளிப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஓட்டத்தைக் குறைக்க உள்பக்க வால்வைத் திருகாதீர்கள். உள்பக்கத்தை நெரித்தால் பம்புக்குத் திரவம் பற்றாமல் போய், அழுத்தம் குறைந்து, சூடான வோர்ட் தலைக்குள்ளேயே ஆவிக் குமிழாகும். சரளைக் கல் உருள்வது போல ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டால் உடனே வெளி வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். பாத்திரத்தின் அடியில் இருக்கும் வால்வை எப்போதும் முழுதாகத் திறந்தே வையுங்கள்.

7. பம்பை எங்கே வைப்பது, காற்றை எப்படி எடுப்பது

ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எனக்கு நேர்ந்ததிலும், பிறகு நான் உதவப் போன வீடுகளிலும், "பம்ப் வேலை செய்யவில்லை" என்று சொன்ன இடத்திலெல்லாம் காரணம் காற்று.

ஊரில் கிணற்று மோட்டார் காற்று வாங்கினால் என்ன செய்வோம்? அப்பா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து பம்பின் வாயில் ஊற்றுவார். அடி வால்வு சரியாக அடைக்கவில்லையென்றால் சாணியைக் கரைத்தும் ஊற்றுவார். குழாய் முழுக்கத் தண்ணீர் நின்ற பிறகுதான் ஸ்டார்ட்டரை அழுத்துவார். இந்தக் கைப்பிடி அளவுப் பம்பும் அதே இனம், அதே பிடிவாதம். காற்றின் எடை மிகக் குறைவு, இம்பெல்லரால் அதை வீசித் தள்ள முடியாது. தலைக்குள் ஒரு குமிழ் நின்றால் மோட்டார் சுற்றும், ஒரு சொட்டும் வராது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பம்பைப் பாத்திரத்தின் அடி வால்வைவிடக் கீழே வையுங்கள், அரை மீட்டர் கீழே இருந்தால் நல்லது. கொதித்த வோர்ட்டை எடுக்கும்போது இந்த அரை மீட்டர் இன்னும் முக்கியம். பாத்திரத்திலிருந்து பம்புக்கு வரும் குழாய் ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் ஒட்டக முதுகு மாதிரி மேடு இருந்தால் காற்று அங்கே குடியேறிவிடும். பம்பின் வெளி வாய் மேல்நோக்கி இருக்கும்படி தலையைத் திருப்பி வையுங்கள். காற்று தானாக மேலேறி வெளியேறும்.

ஓட்டுவதற்கு முன் வெளி வால்வைத் திறந்து, குழாயின் முனையைப் பாத்திரத்தின் திரவ மட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் பிடியுங்கள். பம்பை இன்னும் போட வேண்டாம். திரவம் தானாக ஓடி முனையில் வழியத் தொடங்கும். குமிழ் நின்றதும் வால்வை மூடி, முனையை மேலே மாட்டி, பம்பைப் போட்டு, வால்வை மெல்லத் திறவுங்கள். இதற்கு 20 நொடிதான் ஆகும்.

அப்படியும் வரவில்லையா? பம்பை நிறுத்தி, ஐந்து நொடி விட்டு, மறுபடி போடுங்கள். நிறுத்தும்போது குமிழ் மேலேறும். இரண்டு மூன்று தடவையில் பிடித்துக்கொள்ளும். பத்து நொடிக்கு மேல் வெறுமையாக ஓட விடாதீர்கள்.

8. தண்ணீர் வைத்து ஒத்திகை

மால்ட் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், ஒரு மாலைப் பொழுது போதும்.

முதலில் குளிர்ந்த தண்ணீர். 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். 600ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். என் அமைப்பில் 95 நொடி, அதாவது 6.3 லிட்டர். பிறகு குழாயின் முனையை மெல்ல உயர்த்துங்கள். ஓட்டம் நிற்கும் உயரத்தை நீர்மட்டத்திலிருந்து அளந்து, பெட்டி சொன்னதோடு ஒப்பிடுங்கள். மிகக் குறைவாக இருந்தால் முதலில் காற்று, அடுத்து அடாப்டர், அதற்கும் பிறகுதான் பம்பைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் 78 டிகிரித் தண்ணீரை அரை மணி நேரம் சுற்றவிடுங்கள். இணைப்புகளில் காகிதத் துண்டைச் சுற்றி வைத்தால் சின்ன ஒழுகலும் தெரிந்துவிடும். குளிரில் ஒழுகாதது சூட்டில் ஒழுகும். கடைசியில் தண்ணீரை மோந்து பாருங்கள், ஒரு வாய் சுவைத்தும் பாருங்கள். பிளாஸ்டிக் வாடை இருந்தால் சூடான தண்ணீரில் இன்னும் இரண்டு தடவை ஓட்டுங்கள். அப்போதும் போகவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

9. காய்ச்சும் நாள்

23 லிட்டருக்கு நான் 5 கிலோ மால்ட்டும் 13 லிட்டர் தண்ணீரும் வைத்து 66 டிகிரியில் மாஷ் போடுகிறேன். கலந்த உடனே பம்பைப் போடாதீர்கள். பத்து நிமிடம் விடுங்கள், தானியம் படிந்து தனக்குத்தானே வடிகட்டி ஆகட்டும். பிறகு வால்வை மூன்றில் ஒரு பங்கு மட்டும் திறந்து சுழற்றுங்கள். கலங்கலாக வருவது 20 நிமிடத்தில் தேன் போலத் தெளியும். அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ஆசைப்பட்டு வால்வை முழுக்கத் திறந்தால் தானியப் படுக்கை இறுகிக் கல்லாகிவிடும். கீழே வோர்ட் வராது, பம்ப் வெறுமையில் ஓடும். என் இரண்டாவது பம்ப் செத்தது இப்படித்தான். நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். ஓட்டம் மெலிந்தால் உடனே பம்பை நிறுத்தி, தானியத்தை மேலோட்டமாகக் கிளறி, ஐந்து நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். கோதுமையோ ஓட்ஸோ அதிகம் சேர்க்கும் நாளில் ஒரு கைப்பிடி நெல் உமியைக் கழுவிச் சேர்த்துவிடுங்கள். படுக்கை இறுகாமல் காக்கும். பீர் பொருள் விற்கும் கடைகளிலேயே உமி பாக்கெட்டில் கிடைக்கிறது.

பம்ப் ஓடும் ஓட்டத்திலேயே ஹீட்டரும் இருக்கும் அமைப்பு என்றால், ஓட்டம் நின்றதும் ஹீட்டரும் அணைய வேண்டும். இல்லையென்றால் நின்ற வோர்ட் அங்கேயே கருகும்.

ஸ்பார்ஜுக்கு 18 லிட்டர், 77 டிகிரி. நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும்படி வால்வை வைத்தால் 40, 45 நிமிடம் ஆகும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சர்க்கரை தானியத்திலேயே தங்கிவிடும்.

கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, கொதிக்கும் வோர்ட்டையே பம்ப், குழாய், தகட்டுக் குளிர்விப்பான் எல்லாவற்றின் வழியாகவும் சுற்றவிடுங்கள். உள்ளே இருக்கும் கிருமிகளை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். இந்த நேரத்தில்தான் ஆவிக் குமிழ்த் தொல்லை அதிகம் வரும். அடுப்பைச் சற்றுத் தணித்தால் அடங்கிவிடும். குழாயின் முனையைப் பாத்திரத்தோடு கவ்வி வையுங்கள். சூடான வோர்ட் வரும் குழாய் துள்ளி முகத்தில் அடித்தால் அந்தப் புண் என் கால் புண்ணைவிட மோசமாக இருக்கும்.

ஹாப்ஸ் பெல்லட்டுகளைப் பையிலோ சல்லடைக் கூண்டிலோ போட்டே கொதிக்க விடுங்கள். கரைந்த துகள் சிறு பம்பையும் குளிர்விப்பானையும் பச்சைச் சேறாக அடைத்துவிடும்.

முதல் தடவை பம்போடு காய்ச்ச ஆறு ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிய பிறகு ஐந்தில் முடியும்.

10. கழுவுவதும் வைப்பதும்

வோர்ட் காய்ந்தால் இம்பெல்லரை அதன் தண்டோடு வெல்லப்பாகு போல ஒட்டிவிடும். அதனால் அன்றைக்கே கழுவுங்கள். சூடான தண்ணீர் ஐந்து நிமிடம், பிறகு 60 டிகிரித் தண்ணீரில் சோடியம் பெர்கார்பனேட் கரைத்து இருபது நிமிடம் சுழற்சி, மறுபடி வெறும் தண்ணீர். காஸ்டிக் சோடா வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது அரிக்கும். ஸ்டெயின்லெஸ் தலை என்றால் குளோரின் ப்ளீச்சும் வேண்டாம், குழி விழும்.

இரண்டு மூன்று தடவைக்கு ஒருமுறை தலையின் நான்கு திருகுகளையும் கழற்றிப் பாருங்கள். ஹாப்ஸ் துகளும் உமித் துண்டும் இம்பெல்லருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பம்ப் வாங்கும்போதே அந்த அளவில் இரண்டு ஓ-ரிங் கூடுதலாக வாங்கிவைப்பது நல்லது. தனியாகத் தேடினால் தபால் செலவு அதன் விலையைவிட அதிகம்.

மீண்டும் போடும்போது பம்ப் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் மின்சாரத்தை உடனே எடுங்கள். தலையை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்தால் பாகு கரைந்து விடுபடும்.

இங்கே ஜனவரியில் கராஜுக்குள்ளேயே தண்ணீர் உறையும். தலைக்குள் ஒரு கரண்டித் தண்ணீர் தங்கியிருந்தாலும் பனிக்கட்டியாகி விரிந்து மூடியைப் பிளந்துவிடும். நவம்பருக்கு முன் தலையைத் திறந்து துடைத்து, ஒரு நாள் காயவைத்து, பம்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.